பழைய பாகத்தை எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள்

வீட்டில் ஒலிப்பதிவு செய்கிறவர்கள் கணினிக்குப் புது மதர்போர்டு, புது பிராசஸர், புது கிராபிக்ஸ் கார்டு என்று மாற்றிய கையோடு சொல்லும் புகார் ஒன்றுதான்: சவுண்டு விட்டுவிட்டு வருகிறது. பழைய கணினியில் ஒழுங்காக ஓடிய அதே ஆடியோ இன்டர்ஃபேஸ், அதே மைக், அதே மென்பொருள்தான். புதியதில் மட்டும் பாட்டின் நடுவே ‘டக்’ என்று ஒரு வெட்டு. உடனே ராமை இரட்டிப்பாக்குவார்கள், இல்லாவிட்டால் இன்டர்ஃபேஸைத் தள்ளிவிட்டு அதைவிடப் பெரியது வாங்குவார்கள். இந்த இரண்டாவது செலவு வீண் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். அந்த வழியில் காசை விட்டவன் என்ற உரிமையில் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். களமருதூர் போன்ற கிராமத்தில் இருந்துகொண்டு கூத்தாண்டவர் பாட்டோ, ஒரு தெருக்கூத்துக் குழுவின் முகவீணையோ பதிவு செய்கிறவருக்கு மாற்றிப் பார்க்க ஓசிப் பொருள் பக்கத்துத் தெருவில் கிடைக்காது. பக்கத்து டவுன் கடைகளில் பெரும்பாலும் அலுவலகக் கணினிக்கான சாமான்தான் இருக்கும். மற்றதற்குச் சென்னை ரிச்சி தெரு வரை ஒரு நாளைச் செலவழிக்க வேண்டும். சித்திரைத் திருவிழாவுக்குள் பாட்டை முடித்துத் தர வேண்டிய நெருக்கடி வேறு இருக்கும். அந்த நெருக்கடியில்தான் தப்பான பொருளை வாங்குகிறோம்.

கணினிக்கு வலு போதவில்லை, அதனால் ஒலி அறுகிறது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 48,000 ஹெர்ட்ஸில் பதிவு செய்யும்போது வினாடிக்கு 48,000 சாம்பிள்கள் வருகின்றன. பஃபரை 128 என்று வைத்தால், கணினி அவற்றை 128 சாம்பிள் கொண்ட கட்டுகளாக வாங்கி, வேலை முடித்துத் திருப்பித் தர வேண்டும். ஒரு கட்டுக்குக் கிடைக்கும் அவகாசம் 2.67 மில்லி வினாடி. ஒரு வினாடியில் 375 கட்டுகள். 374 கட்டுகள் நேரத்துக்கு வந்து ஒன்றே ஒன்று பிந்தினாலும், காதில் விழுவது பிந்திய அந்த ஒன்றுதான். இங்கே சராசரி வேகத்துக்கு மதிப்பே இல்லை. வயலில் நடப்பதைப் பாருங்கள்: பத்து ஹெச்.பி. மோட்டார் ஓடுகிறது, வாய்க்கால் நிறையத் தண்ணீர் வருகிறது. மடையைத் திறக்க வேண்டிய ஆள் அந்த நேரத்தில் வேறு வயலுக்குப் போய்விட்டால் பயிருக்குத் தண்ணீர் ஏறாது. மோட்டாரைப் பதினைந்து ஹெச்.பி. ஆக்கினால் வரப்புதான் உடையும்.

கணினிக்குள் மடை திறக்கிற ஆள் பிராசஸர். கிராபிக்ஸ் கார்டு, வைஃபை, எஸ்எஸ்டி, யுஎஸ்பி என்று ஒவ்வொரு சாதனமும் அதை இடையில் கூப்பிடும். கூப்பிட்டதும் கையில் இருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு, அந்தச் சாதனத்தின் டிரைவர் சொல்லும் வேலையைச் செய்ய அது ஓடியாக வேண்டும். இந்த வகை அவசர வேலை 100 மைக்ரோ வினாடிக்குள் முடிய வேண்டும் என்று டிரைவர் எழுதுகிறவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் வழிகாட்டுகிறது. ஆனால் ஒரு டிரைவர் 2,000 மைக்ரோ வினாடி பிடித்துவைத்துக்கொண்டால் விண்டோஸ் அதைத் தடுக்காது. இருந்த 2.67 மில்லி வினாடியில் 2 போய்விட்டால், மிச்சத்தில் குரலுக்கு ரிவெர்ப் கணக்கிட்டு முடிக்க நேரம் ஏது? சினிமா பார்க்கும்போது இது தெரியாது, ஏனென்றால் அங்கே ஒலியை முன்கூட்டியே நிறையச் சேர்த்து வைத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் கடையில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டி, “நல்லாத்தானே ஓடுது” என்று திருப்பித் தந்துவிடுகிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் செய்த சோதனையில் இந்தக் கோளாறு தெரியவே தெரியாது, அவ்வளவுதான்.

வலுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதற்கு ஊரறிந்த மூன்று நிகழ்வுகள் இருக்கின்றன. 2018இல் வந்த மேக்புக் ஏர், மேக்புக் ப்ரோ, மேக் மினி ஆகியவற்றில் டி2 என்ற பாதுகாப்புச் சிப் இருந்தது. அவற்றில் யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் வழியாக வந்த ஒலி அறுந்தது. கணினி தன் கடிகாரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் வசதியை நிறுத்தினால் அறுவது குறைகிறது என்று பயன்படுத்தியவர்களே கண்டுபிடித்தார்கள். 2019 மார்ச்சில் வந்த மேக் ஓஎஸ் 10.14.4, இந்த மாடல்களில் யுஎஸ்பி ஆடியோவின் நம்பகத்தன்மையைக் கூட்டியதாக ஆப்பிள் அறிவித்தது. அடுத்தது ஏஎம்டி. 500 வரிசை சிப்செட் கொண்ட மதர்போர்டுகளில் யுஎஸ்பி சாதனங்கள் திடீரென்று விட்டுப்போவதையும் ஒலி பொரிவதையும் 2021 தொடக்கத்தில் அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஏப்ரலில் பயாஸ் திருத்தம் வந்தது. 2022 மார்ச்சில் இன்னொன்று: பாதுகாப்புக்கான எஃப்டிபிஎம் வசதி மதர்போர்டில் உள்ள ஃப்ளாஷ் சிப்பை நீண்ட நேரம் பயன்படுத்தும்போது கணினி முழுவதுமே ஒரு கணம் நின்றுவிடுகிறது என்று ஏஎம்டி விளக்கியது. அதற்கும் மே மாதத்திலிருந்து பயாஸ் திருத்தம்தான் மருந்து. மூன்றும் அந்தந்த நேரத்தில் சந்தையில் இருந்த வலுவான கணினிகளில் நடந்தவை. மூன்றுக்கும் திருத்தம் ஒரு ரூபாய்க்குக்கூடப் புதுப் பொருள் வாங்காமலே கிடைத்தது. 2021 மார்ச்சில் ஒருவர் தன் இன்டர்ஃபேஸைப் பாதி விலைக்கு விற்று வேறொன்று வாங்கியிருந்தால், புதியதையும் அதே யுஎஸ்பியில்தானே சொருகியிருப்பார்?

இனி பெரிய நஷ்டத்துக்கு வருகிறேன். நாலு பாகத்தை ஒரே நாளில் மாற்றுவது தவறுதான். ஆனால் அதைத் திருத்திக்கொள்ளலாம். திருத்த முடியாதது, பழைய பாகங்களை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பது. அசெம்பிள் செய்கிறவர் இரண்டு காரணம் சொல்வார்: மொத்தமாக மாற்றினால் கூலி ஒருமுறைதான், பழையதைக் கொடுத்தால் பில்லில் கொஞ்சம் குறையும். இரண்டும் உண்மை. அந்தக் குறைந்த தொகைக்காக நாம் விற்பது, நம்மிடம் இருந்த ஒரே சாட்சியை. பழைய கிராபிக்ஸ் கார்டு கையில் இருந்தால், புதியதைக் கழற்றிவிட்டுப் பழையதைச் சொருகி அரை மணி நேரம் பதிவு செய்யலாம். வெட்டு நின்றுவிட்டால் குற்றவாளி அகப்பட்டது. நிற்காவிட்டால் கார்டு நிரபராதி. சந்தேகப்படும் பாகம் நாலு என்றால், இரண்டு இரண்டாகப் பழையதுக்கு மாற்றிப் பார்த்தாலே ஒரே நாளில் சந்தேகம் ஒன்றில் வந்து நிற்கும். பழையது கையில் இல்லாதவருக்கு இந்த வழி அடைபட்டுவிடுகிறது. அவர் செய்யக்கூடியது ஊகிப்பது, ஊகத்தை நம்பி ஐந்தாவது பொருள் வாங்குவது, பிறகு ஐந்தையும் சந்தேகப்படுவது. நாலு பேரைக் கேட்டால் “ஃபார்மட் போடு” என்பார்கள். அதுவும் இதே வகைத் தவறுதான். எந்த டிரைவர், எந்தப் பதிப்பு என்ற தடயம் மொத்தமும் அதில் அழிந்துபோகும். ஃபார்மட் போட்ட பிறகு சரியானாலும் ஏன் சரியானது என்று தெரியாது. அடுத்த அப்டேட்டில் அதே வெட்டு திரும்ப வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இதற்கு வரும் முதல் மறுப்பு, “பஃபரை 1024 ஆக்கிவிட்டால் தீர்ந்தது” என்பது. மிக்ஸிங் மட்டும் செய்கிறவருக்கு அது சரி. பதிவு செய்கிறவருக்கு அது கோளாறை மூடிவைக்கும் பாய். 1024 சாம்பிள் என்றால் உள்ளே வர 21 மில்லி வினாடி, வெளியே போக இன்னொரு 21. காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அந்தக் கணக்கில், பாடுகிறவர் தன் குரலையே பதினாலு மீட்டர் தள்ளி நிற்கும் யாரோ பாடுவது போல ஹெட்ஃபோனில் கேட்பார். தாளத்தோடு சேர்ந்து பாட அவரால் முடியாது. இன்டர்ஃபேஸிலேயே நேரடி மானிட்டர் பொத்தான் இருந்தால் குரலுக்கு இந்தத் தொல்லை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படிப்பட்டவர் பெரிய பஃபரிலேயே பதிவை முடிக்கலாம். ஆனால் கீபோர்டை அழுத்தினால் கணினிக்குள்ளிருந்து ஆர்மோனிய ஒலி வர வேண்டும் என்பவருக்கு அந்தப் பொத்தான் உதவாது. நம்மில் பெரும்பாலோர் இந்த இரண்டாவது வகைதான்.

இரண்டாவது மறுப்பு நம் ஊருக்கே உரியது: “கிராமத்துக் கரண்ட், பம்ப்செட் ஓடினாலே வோல்டேஜ் இறங்குது, அதான் சவுண்டு கட்டாகுது.” யுபிஎஸ் விற்கவும் இதைத்தான் சொல்கிறார்கள். வெட்டு விழுந்த இடத்தை மென்பொருளில் பெரிதாக்கிப் பார்த்தால் இதற்குப் பதில் அங்கேயே இருக்கிறது. பாடகர் ‘ஆ’ என்று நீட்டிய இடத்தில் அலை வளைந்து ஏறி இறங்கி வந்துகொண்டிருக்கும். திடீரென்று கத்தரித்ததுபோல் ஒரு செங்குத்துக் கோடு, சில இடங்களில் சற்று நீளத்துக்குத் தட்டைக் கோடு, பிறகு சம்பந்தமில்லாத உயரத்திலிருந்து அலை மறுபடி தொடங்கும். தட்டையான துண்டை அளந்து பாருங்கள். அது பஃபர் அளவாகவோ அதன் மடங்காகவோ இருந்தால், கணினி ஒரு கட்டைத் தவறவிட்டிருக்கிறது என்பதற்கு வலுவான அடையாளம். மின்சாரக் கோளாறு இப்படி வராது. எர்த் சரியில்லாவிட்டால் 50, 100 ஹெர்ட்ஸில் ஒரு ரீங்காரம் பதிவு முழுக்கச் சீராகக் கலந்திருக்கும். வோல்டேஜ் தாங்க முடியாத அளவுக்குச் சரிந்தால் கணினியே ரீஸ்டார்ட் ஆகும். நடுவில் 3 மில்லி வினாடி ஒலியை மட்டும் கத்தரித்துவிட்டுப் போகிற கரண்ட் கிடையாது. எர்த் சரியாகப் போடுவதும் யுபிஎஸ் வைப்பதும் தேவைதான். ஆனால் அது வேறு நோய்க்கான மருந்து.

மூன்றாவது மறுப்பு, வலுவான கருவி இருந்தால்தானே நல்ல பாட்டு வரும் என்பது. இதற்கு ஏ.ஆர். ரஹ்மானின் வீட்டு ஸ்டூடியோவை உதாரணம் காட்டுவார்கள். கோடம்பாக்கத்து வீட்டின் பின்புறம் அவர் அமைத்தது பஞ்சதன் ரெக்கார்ட் இன். 1992இல் ‘ரோஜா’ பாடல்கள் அங்கிருந்து வந்தன. அன்றைய வீட்டுக் கணினி எதுவும் இன்றைய மலிவான கைபேசியின் பக்கத்தில்கூட வராது. கருவிகளை இணைக்க அன்று உலகம் முழுவதும் பயன்பட்ட மிடி, 1983இல் வந்தது. அதன் வேகம் வினாடிக்கு 31,250 பிட். ஒரு ஸ்வரத்தைச் சொல்ல ஏறத்தாழ ஒரு மில்லி வினாடி பிடிக்கும். இன்றைய யுஎஸ்பிக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த வயரில் வைஃபையோ கிராபிக்ஸ் கார்டோ குறுக்கே வராது, அனுப்பியது சொன்ன நேரத்தில் போய்ச் சேரும். வலு உண்மையிலேயே போதாத நேரமும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஒரே ட்ராக்கில் அடுக்கடுக்காகப் பிளக்-இன் போட்டால், அந்த வரிசை முழுவதையும் பொதுவாக ஒரே கோர்தான் சுமக்கும். அப்போது டாஸ்க் மேனேஜரில் 20 சதவீதம் என்று காட்டினாலும் பதிவு மென்பொருளின் மீட்டர் சிவப்பைத் தொடும். அதற்குப் பிளக்-இன் குறைப்பதோ, அந்த ட்ராக்கை ஃப்ரீஸ் செய்வதோ போதும். மென்பொருளின் மீட்டர் பாதிக்குக் கீழே இருக்கும்போதே வெட்டு விழுகிறதென்றால், வலுவைப் பற்றிப் பேச அங்கே ஒன்றும் இல்லை.

வழக்கமான வேலைகள் எல்லாரும் அறிந்தவைதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இன்டர்ஃபேஸை ஹப் இல்லாமல் பின்பக்க யுஎஸ்பியில் நேராகச் சொருகுங்கள். பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸில் வையுங்கள், யுஎஸ்பி தூங்கிப்போகும் வசதியை நிறுத்துங்கள். பதிவின்போது வைஃபையை அணைத்துவிடுங்கள். கணினி முழுவதும் ஒரே சாம்பிள் ரேட் இருக்கிறதா என்று பாருங்கள். சீரான இடைவெளியில் வெட்டு விழுந்தால் சந்தேகம் அங்கே போக வேண்டும். லேட்டன்சிமான் என்ற மென்பொருள் வீட்டு உபயோகத்துக்கு இலவசம். அதைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் எந்த டிரைவர் அதிக நேரம் பிடிக்கிறது என்று பெயரோடு காட்டும். மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில் பயாஸ் திருத்தக் குறிப்புகளைப் படியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதை நோட்டில் தேதியோடு எழுதுங்கள். இவ்வளவுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

பழைய கார்டையும் பழைய மதர்போர்டையும் அட்டைப்பெட்டியில் கட்டிப் பரண்மேல் வைத்திருப்பதைக் கஞ்சத்தனம் என்று வீட்டில் சொல்வார்கள். எக்ஸ்சேஞ்சில் போயிருந்தால் கிடைத்திருக்கும் தொகையைக் கடைக்காரர் நினைவுபடுத்துவார். இரண்டையும் கேட்டுக்கொண்டு, புதிய கணினியில் ஆறு மாதம் வெட்டில்லாமல் பதிவு செய்து முடிக்கும்வரை அந்தப் பெட்டியைக் கொடுக்காதீர்கள். இன்டர்ஃபேஸைப் பையில் போட்டுக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறப் போகிறவருக்கு ஒரு வார்த்தை. ஏறுவதற்கு முன் பரணிலிருந்து பழைய கார்டை இறக்கிச் சொருகி, அரை மணி நேரம் பதிவு செய்து பாருங்கள். அதில் ஒரு வெட்டும் இல்லையென்றால் இன்டர்ஃபேஸைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வையுங்கள். அதில் கோளாறு இல்லை.