ஐகானும் கர்சரும்: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

தோவாளையில் கட்டப்படுவதும், 2025இல் புவிசார் குறியீடு பெற்றதுமான மாணிக்கமாலையை உற்று நோக்கியவர்கள், அரளிப் பூவும் நொச்சியிலையும் வரிசை பிசகாமல் மடிந்து நிற்பதனால்தான் அந்தத் தட்டையான பரப்பில் ரத்தினம் பதித்தாற்போன்ற தோற்றம் பிறக்கிறது என்பதை அறிவார்கள்; கணினித் திரையில் நாம் சொடுக்கும் ஐகானும், மௌஸோடு நகரும் கர்சரும் அவ்விதமே புள்ளி வரிசைகளால் ஆனவை. ஆயினும் நிரல் எழுதக் கற்போரிடையே இவற்றைக் குறித்துச் சில பிழையான அபிப்பிராயங்கள் உலவுகின்றமையால், விண்டோஸை உதாரணமாகக் கொண்டு அவற்றைப் பரிசீலிப்பது பிரயோஜனமாகும்.

நம்பிக்கை: சித்திரம் தீட்டும் மென்பொருள் இன்றி ஐகானோ கர்சரோ செய்ய இயலாது.

உண்மை: 1984இல் வெளிவந்த மெக்கின்டாஷ் கணினிக்கு ஐகான்கள் வரைந்த சூசன் கேர் என்னும் அம்மையார், கட்டமிட்ட வரைபடத்தாளில் கட்டங்களை நிரப்பியே அவற்றை உருவாக்கத் தொடங்கினார். அந்தக் கட்டங்களையே எண்களாக எழுதினால் அது நிரலாகிவிடுகிறது. 32க்கு 32 என்ற கறுப்பு வெள்ளைக் கர்சரில் 1024 புள்ளிகள் உள்ளன; புள்ளி ஒன்றுக்கு ஒரு பிட் என்று கணக்கிட்டால் 128 பைட்டுகளில் அடங்கும். இத்தகைய இரண்டு பட்டியல்களை 'கிரியேட்கர்சர்' என்னும் செயற்கூற்றிடம் ஒப்படைத்தால், கோப்பு எதுவுமின்றியே கர்சர் தோன்றிவிடும்.

நம்பிக்கை: ஊடுருவித் தெரிய வேண்டிய இடத்தில் வெள்ளை நிறத்தை வைத்தால் போதும்.

உண்மை: பட்டியல்கள் ஏன் இரண்டு என்பதன் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. 'அண்ட்' மாஸ்க் என்பது திரையில் ஏற்கெனவே இருப்பதை வைத்துக்கொள்வதா, அழிப்பதா என்று தீர்மானிக்கிறது. 'எக்ஸ்ஆர்' மாஸ்க் அதன்மேல் எதை இடுவது என்று தீர்மானிக்கிறது. இரண்டும் 0 எனில் கறுப்பு; முன்னது 0, பின்னது 1 எனில் வெள்ளை; முன்னது 1, பின்னது 0 எனில் பின்னணி அப்படியே தெரியும்; இரண்டும் 1 எனில் பின்னணியின் நிறமே தலைகீழாகும். ஆகவே கர்சர் என்பது வெறும் படமன்று. தன் கீழே கிடப்பதை என்ன செய்ய வேண்டும் என்று புள்ளிக்குப் புள்ளி விதிக்கும் ஆணையாகும். விண்டோஸ் எக்ஸ்பி முதல் 32 பிட் படங்களில் ஆல்பா என்னும் நான்காம் அம்சம் இடம்பெற்று, அரைகுறை ஊடுருவலும் சாத்தியமாயிற்று.

நம்பிக்கை: ஐகான் கோப்பின் பின்னொட்டை மாற்றினால் அது கர்சராகிவிடும்.

உண்மை: இரு வடிவங்களும் சகோதரர்களே எனினும், தலைப்பகுதியில் வகையைக் குறிக்கும் எண் ஐகானுக்கு 1, கர்சருக்கு 2. மேலும், ஐகானில் வண்ண விவரம் நிற்கும் இடத்தில், சொடுக்கு விழும் புள்ளியின் இருப்பிடம் கர்சரில் குறிக்கப்படுகிறது. அம்புக்கு அது நுனி, சிலுவைக்குறிக்கு நடு. பெயரை மாற்றுவதனால் இவை மாறிவிடுவதில்லை.

நம்பிக்கை: கோப்பிலிருந்து படித்த படம் தலைகீழாக நின்றால், அது கணினியின் கோளாறு.

உண்மை: கோப்பினுள் பிட்மேப்பின் வரிசைகள் கீழிருந்து மேலாக எழுதப்படுவதே சம்பிரதாயம், நிரலில் நாம் தரும் பட்டியலோ மேலிருந்து கீழாக வாசிக்கப்படுகிறது. அன்றியும், கோப்பிலுள்ள பிட்மேப் தலைப்பில் 32 புள்ளி உயரமுள்ள ஐகானுக்கு 64 என்று பதிவாவது பிழையன்று. வண்ணமும் மாஸ்க்கும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதன் விளைவு அது.

நம்பிக்கை: அம்பு சாய்ந்திருப்பது அழகுக்காக.

உண்மை: டக்ளஸ் எங்கல்பார்ட் 1968இல் மௌஸை உலகுக்குக் காட்டியபோது அம்பு நேராகவே மேல்நோக்கி நின்றது. பின்னர் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில், அக்காலத் திரையின் சொற்பப் புள்ளிகளில், ஓர் ஓரம் செங்குத்தாகவும் மற்றது 45 பாகைச் சாய்விலும் இருந்தால்தான் அம்பு தெளிவாகத் தெரிகிறது என்று கண்டு சாய்த்தார்கள். அவசியம் வகுத்த வடிவமே இன்று பழக்கமாக நிலைத்துவிட்டது.

நம்பிக்கை: ஒருமுறை உருவாக்கிவிட்டால் வேலை முடிந்தது.

உண்மை: ஐகானை உருவாக்கும் 'கிரியேட்ஐகான்இன்டைரக்ட்' என்னும் செயற்கூறு நாம் தரும் பிட்மேப்புகளின் பிரதியையே எடுத்துக்கொள்கிறது, மூலத்தை விடுவிக்கும் பொறுப்பு நம்மையே சேரும். உருவான ஐகானை 'டெஸ்ட்ராய்ஐகான்' கொண்டு விடுவிப்பதும் நம் கடமையே. நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும் அறிவிப்புக் குறியை வரையும் நிரல் இதை மறந்தால், கைவிடப்பட்ட ஐகான்கள் குவிந்து, அதற்கு அனுமதிக்கப்பட்ட எல்லையைத் தொட்ட பிறகு புதிய ஐகான் எதையும் அதனால் உருவாக்க முடியாது போகும். ஆதலால் வரைவதைக் கற்கும் அன்றே விடுவிப்பதையும் கற்றுக்கொள்க.