பிள்ளைக்குச் சுகமில்லையா? எப்போது வீட்டில் கவனிக்கலாம், எப்போது உடனே கிளம்ப வேண்டும்?



நம் அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் குழந்தைகளுக்காக வருபவை எப்போதும் உண்டு. அவற்றைப் படிக்கும்போது இரண்டு விஷயங்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. சாதாரணச் சளிக்கு மெடிக்கலில் கேட்டு நாலு மருந்து வாங்கிக் கொடுத்திருப்பார்கள். மூச்சுத்திணறலோ கடும் வயிற்றுப்போக்கோ வந்தபோது, "விடியட்டும், பார்க்கலாம்" என்று ஓர் இரவைக் கடத்தியிருப்பார்கள். அவசரம் தேவையில்லாத இடத்தில் அவசரம், அவசரம் தேவைப்படும் இடத்தில் நிதானம். இதைச் சரிசெய்யத்தான் இந்த மாதப் பாடம்.

குழந்தை இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். பெற்றவர் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. எந்த அறிகுறிக்குக் காத்திருக்கலாம், எதற்குக் காத்திருக்கக் கூடாது என்பது தெரிந்தால் போதும்.

இருமல் மருந்து தந்த பாடம்

2025-ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா மாவட்டத்தில் சாதாரணக் காய்ச்சலும் சளியும் வந்த சின்னக் குழந்தைகளுக்கு 'கோல்ட்ரிஃப்' என்ற இருமல் சிரப் கொடுக்கப்பட்டது. சில நாட்களில் அவர்களுக்குச் சிறுநீர் வருவது நின்றது. சிறுநீரகம் செயலிழந்து 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்துபோனார்கள். அந்த மருந்து தயாரானது நம் தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள ஸ்ரேசன் பார்மா நிறுவனத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பரிசோதித்தபோது, அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம்தான். அக்டோபரிலேயே அரசு அதன் விற்பனையைத் தடைசெய்து, பிறகு நிறுவனத்தின் உரிமத்தையும் ரத்து செய்தது.

கலப்படம் செய்தவரைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். நாம் கற்க வேண்டியது வேறு. அதே அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை ஓர் அறிவுரை வெளியிட்டது: 2 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைக் கொடுக்கவே கூடாது, 5 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் பொதுவாக அவை தேவையில்லை. கலப்படமே இல்லாத நல்ல சிரப்புக்கும் இது பொருந்தும். ஏனென்றால் சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. ஒரு வாரம், பத்து நாளில் தானாகப் போய்விடும். சிரப் அதை விரைவுபடுத்துவதில்லை.

அப்படியானால் என்ன செய்வது? மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து, அடிக்கடி தாய்ப்பால், பெரிய பிள்ளைக்கு இளஞ்சூடான கஞ்சி, வெந்நீர். ஒரு வயது நிறைந்த பிள்ளைக்கு இரவில் அரை ஸ்பூன் தேன் இருமலைத் தணிக்கும். தேனில் ஷிஃபா உண்டு என்று நம்புகிறவர்கள் நாம். ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் தரக் கூடாது, நாவில் தடவுவதும் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, பிஞ்சுக் குடலில் வளர்ந்து உடலைத் தளரச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம்.

இருமலில் பயப்பட வேண்டியது எது?

இருமல் சத்தத்தைக் கேட்டுப் பயப்படுவதைவிட மூச்சை எண்ணிப் பாருங்கள். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு இது:

• 2 மாதத்துக்குள்: நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல்
• 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள்: 50 அல்லது அதற்கு மேல்
• ஒரு வயது முதல் 5 வயதுக்குள்: 40 அல்லது அதற்கு மேல்

எண்ணிக்கை இப்படி இருந்தால் அது நிமோனியாவாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பால் குடிக்க முடியாமல் திணறினாலோ அந்த நிமிடமே கிளம்புங்கள்.

காய்ச்சல்: தெர்மாமீட்டரைவிடப் பிள்ளையைப் பாருங்கள்

காய்ச்சல் ஒரு நோயல்ல. கிருமியோடு உடல் போராடுகிறது என்பதற்கான அடையாளம். 102 டிகிரி இருந்தும் விளையாடுகிற பிள்ளையைவிட, 100 டிகிரியில் துவண்டு கிடக்கிற பிள்ளைதான் கவலைக்குரியது.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. 3 மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே, வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிதான். அந்த வயதில் உடம்பு சில்லிட்டுப் போனாலும் அதே ஆபத்து. 3 முதல் 6 மாதக் குழந்தை என்றால் அன்றே காட்டுங்கள். அதற்கு மேற்பட்ட பிள்ளை குடித்து, சிரித்து, சிறுநீர் கழித்துக்கொண்டிருந்தால் இரண்டு நாள் வீட்டில் வைத்துக் கவனிக்கலாம். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடவில்லை என்றால் காட்டிவிடுங்கள்.

பாரசிட்டமால் கொடுக்கும்போது ஒரு முக்கியமான விஷயம். அளவு வயதைப் பொறுத்ததல்ல, எடையைப் பொறுத்தது. கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில் 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம். ஆனால் கடையில் கிடைக்கும் பாட்டில்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 6 மில்லி. 250 உள்ள சிரப் என்றால் 3 மில்லி. 1 மில்லியில் 100 உள்ள சொட்டு மருந்து என்றால் ஒன்றரை மில்லிதான். சொட்டு மருந்தைச் சிரப் என்று நினைத்து 6 மில்லி ஊற்றினால் நான்கு மடங்கு மருந்து உள்ளே போய்விடும். எனவே எந்தப் பாட்டிலில் எத்தனை மில்லி என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுக்களை ஸ்பூன் வேண்டாம், அளவு மூடியில் கொடுங்கள். இரண்டு வேளைக்கு நடுவில் ஆறு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

மழைக்காலத்தில் டெங்குவை மறக்காதீர்கள். நம்மூரில் தண்ணீர் வரும் நாளில் டிரம்மிலும் தொட்டியிலும் பிடித்து வைக்கிறோம். மூடாமல் விட்ட நல்ல தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும். இந்தக் காய்ச்சலில் ஏமாற வைக்கும் நேரம் ஒன்று உண்டு: மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் விடும்போதுதான் ஆபத்து தொடங்கும். "காய்ச்சல் விட்டுவிட்டது" என்று நிம்மதி அடையும் அந்த நேரத்தில் கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிடுதல், சோர்ந்து கிடத்தல் இருந்தால் காத்திருக்காதீர்கள். டெங்கு சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரின், புரூஃபென் வகை மாத்திரைகள் கூடாது. அவை ரத்தக் கசிவைக் கூட்டும்.

காய்ச்சலில் வலிப்பு வந்தால் பார்ப்பவர் பதறிவிடுவார். 6 மாதம் முதல் 5 வயது வரை உள்ள சில பிள்ளைகளுக்கு இப்படி வருவதுண்டு. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பக்கத்தில் இடிபடும் பொருளை அகற்றுங்கள். வாயில் ஸ்பூனோ தண்ணீரோ வைக்காதீர்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் பயனில்லை. மணி பாருங்கள், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். சீக்கிரமே நின்றுவிட்டாலும், முதல்முறை வந்த வலிப்பு என்றால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வயிற்றுப்போக்கு: உயிரைக் காப்பது உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர்

1971-இல் வங்கதேசப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்துக்கு வந்தார்கள். போங்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டில்கள் தீர்ந்தன. அங்கே பணிசெய்த டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் அது 4 பேருக்கும் கீழே குறைந்தது. இன்று நாம் ஓ.ஆர்.எஸ். என்று வாங்கும் பாக்கெட்டின் பெருமை இது.

பாக்கெட்டில் எத்தனை தண்ணீர் என்று எழுதியிருக்கிறதோ அத்தனைதான் ஊற்ற வேண்டும். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு கூடிக் கேடாகும். கொதித்து ஆறிய நீரில் கலந்து, 24 மணி நேரத்துக்குப் பின் மீதியைக் கொட்டிவிடுங்கள். 2 வயதுக்குள் என்றால் ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் என்றால் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். தாய்ப்பாலையும் கஞ்சியையும் நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொன்னபடி ஜிங்க் மருந்தை 14 நாள் கொடுங்கள். போக்கு நின்றதும் நிறுத்திவிட வேண்டாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரண்டும் இலவசம்.

கடையில் அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். ஆகா. அதிகச் சர்க்கரை போக்கைக் கூட்டவே செய்யும். 2025 அக்டோபரில், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அத்தகைய பானங்களில் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடியதன் பலன் அது.

மலத்தில் ரத்தம், குழி விழுந்த கண், அழுதும் கண்ணீர் வராமை, ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்புவது, எதைக் கொடுத்தாலும் வாந்தி: இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஓதிப் பார்ப்பதும் மருந்து பார்ப்பதும்

மஃரிப் தொழுகை முடியும் நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் குழந்தையோடு நிற்கும் தாய்மாரை நாம் பார்க்கிறோம். எல்லா மதத்தாரும் வருகிறார்கள். ஓதி ஊதுவதும் துஆச் செய்வதும் நம் ஈமானோடு சேர்ந்தவை. ஆனால் நோய்க்கு மருந்து தேடச் சொன்னவரும் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்ற பாடம் நமக்குத் தெரியாததல்ல. மூச்சு திணறும் பிள்ளைக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே ஓதலாம். தொக்கம் எடுப்பதற்கும் உரம் எடுப்பதற்கும் அலைந்து அந்த நேரத்தைக் கரைக்க வேண்டாம். பச்சைக் குழந்தையைச் சேலையில் போட்டு உருட்டுவதும், வாயில் விரல் விடுவதும், மூக்கில் எண்ணெய் விடுவதும் கேட்டையே தரும்.

முடிவு எடுக்க யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்

நம் குடும்பங்களில் தகப்பனார் வளைகுடாவிலோ வெளியூரிலோ இருப்பது சாதாரணம். இரவு பதினொரு மணிக்குப் பிள்ளை மூச்சு வாங்குகிறது; தாய் போன் போடுகிறார்; அங்கே வேலை நேரம், எடுக்கவில்லை. மாமியார், "அவன் சொல்லட்டும்" என்கிறார். இப்படிக் கழியும் ஒரு மணி நேரத்தின் விலை என்னவென்று யாரும் சொல்ல முடியாது.

ஆகவே வெளியூரில் இருக்கும் தகப்பன்மார்களிடம் ஒரு வேண்டுகோள். இன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள்: "பிள்ளைக்கு இந்த அறிகுறி இருந்தால் என்னைக் கேட்க வேண்டாம், கிளம்பிவிடு, பிறகு சொல்." வீட்டுப் பெரியவர்களும் இதை ஆதரியுங்கள். ஆண் துணை இல்லையே என்று தயங்கும் சகோதரிகள் 108-ஐ அழையுங்கள், அல்லது பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். எந்த வீடாக இருந்தாலும் திறக்கும். நம்மூர் அரசு மருத்துவமனையில் முதலில் காட்டுங்கள்; தேவையென்றால் அவர்களே திருநெல்வேலிக்கு அனுப்புவார்கள். சந்தேகம் கேட்க 104 என்ற எண்ணும் உண்டு.

ஒரு பையில் தடுப்பூசி அட்டை, மருத்துவக் காப்பீட்டு அட்டை, பிள்ளையின் எடை எழுதிய தாள், இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட், தெர்மாமீட்டர் ஆகியவற்றை எப்போதும் தயாராக வையுங்கள். நிமோனியா, ரோட்டா, தட்டம்மை ரூபெல்லா ஊசிகள் அரசில் இலவசம். புதன்கிழமைகளில் அரசு சுகாதார நிலையங்களில் போடுகிறார்கள். விடுபட்டிருந்தால் இப்போதும் தாமதமில்லை. செவிலியரிடம் அட்டையைக் காட்டுங்கள்.

வெட்டி எடுத்து பீரோ கதவில் ஒட்டி வைக்க

எந்த நோயானாலும் இவற்றில் ஒன்று இருந்தால் உடனே கிளம்பவும்:

1. பால், தண்ணீர் எதுவும் குடிக்கவில்லை.
2. எழுப்பினாலும் சரியாக விழிக்கவில்லை, துவண்டு கிடக்கிறது.
3. மூச்சு வேகம், நெஞ்சில் குழி, உதடு நீலம்.
4. வலிப்பு.
5. குடித்ததெல்லாம் வாந்தி.
6. ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை.
7. ரத்தம் எங்கிருந்து வந்தாலும். அழுத்தினாலும் மறையாத சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள்.
8. 3 மாதத்துக்குள் காய்ச்சல்.
9. தாய் மனதுக்கு "இது எப்போதும்போல் இல்லை" என்று தோன்றினால். அதையும் ஓர் அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒன்பதையும் இன்று இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். பெரிய பிள்ளைகளும் கேட்கட்டும். நம் எல்லோருடைய பிள்ளைகளுக்கும் நல்ல சுகத்தையும் நீண்ட ஆயுளையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.