தழும்பின் அடியில்

நுழையும்முன்

அறுவை மருத்துவம் இதயத்தைச் செப்பனிடுகிறது. அவ்விதயத்துடன் வாழ்பவரின் உள்ளத்தில் தங்கிவிடும் அச்சத்தை யார் அறிவார்?

ஏறத்தாழ நூறு குழந்தைகளுள் ஒன்று இதய அமைப்பில் ஏதேனும் ஒரு குறையுடன் பிறக்கிறது. இதய அறைகளின் இடைச்சுவரில் துளை இருக்கலாம்; குருதிக்குழாய் குறுகியிருக்கலாம். உயிர்வளி குறைந்த குருதி உடலெங்கும் பரவுவதால் உதடும் நகமும் நீலம் பாரித்த குழந்தைகளை 'நீலக் குழந்தைகள்' என்றனர். அவர்களுக்கு வழி பிறந்தது 1944ஆம் ஆண்டில். அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹெலன் டாசிக்கின் சிந்தனையும் விவியன் தாமஸின் ஆய்வுக்கூட உழைப்பும் ஆல்பிரட் பிளாலக்கின் அறுவைத் திறனும் ஒன்று சேர்ந்தன. டாசிக், செவித்திறன் குறைந்தவர். குழந்தைகளின் மார்பில் விரல்களை வைத்தே துடிப்பை உணர்ந்தவர். இன்று அமெரிக்காவில் இக்குறையுடன் வாழ்வோருள் குழந்தைகளைவிடப் பெரியவர்களே மிகுதி.

கத்தி எட்டாத இடம்

பிழைத்து வளர்ந்தோருள் பலர் பதற்றத்தாலும் மனச்சோர்வாலும் வருந்துகின்றனர். பதற்றம் வந்தால் எவருக்கும் நெஞ்சு படபடக்கும். இவர்களுக்கோ அப்படபடப்பு நோயின் அறிகுறியோ என்ற ஐயம் எழுகிறது. ஐயம் பதற்றத்தை வளர்க்க, துடிப்பு மேலும் விரைகிறது. தேர்வுக்கு முந்தைய இரவில் இச்சுழலில் சிக்கிய மாணவர், பெற்றோர் அஞ்சுவரே என்று அதையும் சொல்லாமல் மறைப்பார்.

"ஓடாதே, மூச்சு வாங்கும்" என்ற சொல் அன்பிலிருந்து வருவதுதான். ஆயினும் நாள்தோறும் அதைக் கேட்டு வளரும் பிள்ளை தன் உடலையே நம்ப மறுக்கிறது. விளையாட்டு வேளையில் அப்பிள்ளையை வேப்பமரத்தடியில் அமரவைப்பவர்கள் ஆசிரியர்களாகிய நாங்களே. மருத்துவர் தடுத்தது எதை, எங்கள் அச்சம் தடுத்தது எதை என்று நாங்கள் கேட்டறிவதில்லை. அளவறிந்த உடற்பயிற்சி இவர்களுள் பெரும்பாலோர்க்கு நன்மையே தருகிறது.

பதினெட்டு வயதை நெருங்கும்போது மற்றொரு தடை. குழந்தை மருத்துவரை விட்டுப் பெரியவர்களுக்கான மருத்துவரிடம் செல்ல வேண்டும். அதுவரை அன்னையே பேசினார். தன் குறையின் பெயர்கூட அறியாத இளைஞர் அன்று வாயடைத்து நிற்கிறார். கழுத்துவரை பொத்தானிட்டுத் தழும்பை மறைத்த மாணவிக்கு, மணப்பேச்சின்போது அதைச் சொல்வதா, மறைப்பதா என்ற கேள்வி காத்திருக்கிறது. நலமாக இருக்கும்போதே தன் குறையைத் தன் சொற்களில் ஒரு தோழியிடமேனும் சொல்லிப் பழகியவருக்கு அக்கேள்வியின் சுமை குறைகிறது. கேட்கும் தோழி இரக்கப்பட வேண்டியதில்லை. மறுநாள் விளையாட்டுக்கு அழைத்தால் போதும்.

தெரிந்து தெளிவோம்

பிறவி இதயக் குறையுடையோரின் மருத்துவத்தில் உளநலக் கவனிப்பும் இணைய வேண்டுமென அமெரிக்க இதயச் சங்கம் 2022ஆம் ஆண்டு அறிக்கை வெளியிட்டது. அவ்வாண்டிலேயே இந்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.