வேடந்தாங்கலா, பழவேற்காடா? ஹாம் ரேடியோவுடன் ஒரு ஞாயிறு

வேலப்பன்சாவடிப் பக்கத்து ஹாம்களுக்கு ஒரு வசதி உண்டு. பூந்தமல்லி தாண்டி வெளிவட்டச் சாலையைப் பிடித்தால், தெற்கே வண்டலூர் வழியாக வேடந்தாங்கல். வடக்கே மீஞ்சூர் வழியாகப் பழவேற்காடு. இரண்டும் காலையில் போய் இரவுக்குள் திரும்பும் தூரம்தான். இரண்டில் எங்கே போவது என்பதைத் தூரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். யாரோடு பேச ஆசை, எந்த ஆன்டெனா கையில் இருக்கிறது என்று பாருங்கள்.

இப்படிப் பூங்காக்களுக்கும் சரணாலயங்களுக்கும் ரேடியோவோடு போவதற்குக் காரணம் ஒரு ஹாம் திட்டம். அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறைக்கு நூறு வயதான 2016-இல் அந்நாட்டு ஹாம்கள் ஆண்டு முழுக்கப் பூங்காக்களிலிருந்து பேசினார்கள். அதன் தொடர்ச்சிதான் 'பார்க்ஸ் ஆன் தி ஏர்'. பூங்கா எல்லைக்குள் இருந்து ஒரே யுடிசி நாளில் 10 தொடர்பு எடுத்தால் கணக்கில் சேரும். நமக்கு அந்த நாள் காலை 5.30-க்குத் தொடங்குகிறது. இன்னொரு திட்டமான டபிள்யு.டபிள்யு.எஃப்.எஃப். 44 தொடர்பு கேட்கும். முதல்முறை போகிறவர்கள் 10-ஐயே இலக்காக வைத்துக்கொள்ளலாம்.

தேசியப் பூங்கா என்ற பெயரோடு பக்கத்திலேயே இருப்பது கிண்டி. 1978-இல் அறிவிக்கப்பட்டது, 2.7 சதுர கிலோமீட்டர். ஆனால் மான்கள் திரியும் உட்காட்டுக்குள் நினைத்தபடி போக முடியாது. சுற்றிலும் நகரத்து இன்வெர்ட்டர்களும் எல்.இ.டி. விளக்குகளும் 7 மெகாஹெர்ட்ஸில் இரைச்சலைக் கொட்டுகின்றன. அதை விட்டுவிடலாம். முதுமலை ஒரு நாள் பயணம் அல்ல. புலிகள் காப்பகச் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்கவும் கூடாது.

வேடந்தாங்கலில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. 1998 அறிவிக்கையின்படி ஏரி மட்டும் சரணாலயம் அல்ல, அதைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயம்தான். அதனால் பறவைகள் அடையும் ஏரிக்கரையில் போய் உட்கார வேண்டிய அவசியமே இல்லை. வனத்துறையிடம் அனுமதி வாங்கி, நிலத்துக்காரரிடமும் கேட்டுக்கொண்டு, தள்ளியிருக்கும் ஒரு வயலோரத்தில் கடை விரிக்கலாம். அங்கே மின்சார இரைச்சலும் குறைவு. இங்கே என் தேர்வு 7 மெகாஹெர்ட்ஸ் டைபோல். பக்கத்துக்குப் பத்து மீட்டர் கம்பி, நடுவில் ஐந்தாறு மீட்டர் உயரக் கழி. இவ்வளவு தாழ்வாகக் கட்டினால் அலை பெரும்பாலும் மேல்நோக்கிப் போய், அயன மண்டலத்தில் பட்டு, சில நூறு கிலோமீட்டருக்குள் இறங்கும். காலை வேளையில் கோவை, மதுரை, பெங்களூரு எல்லாம் கேட்கும். தமிழிலேயே 10 தொடர்பும் முடிந்துவிடும். வெயில் ஏறினால் இந்த அலைவரிசை சோர்ந்துவிடும், ஆகவே சீக்கிரம் போங்கள்.

பழவேற்காட்டின் பலம் உப்புநீர். செங்குத்து ஆன்டெனாவை உப்புநீரை ஒட்டி நட்டால் அலை தாழ்ந்த கோணத்தில் நெடுந்தூரம் போகும். 14 மெகாஹெர்ட்ஸுக்கு ஐந்து மீட்டர் கம்பி, ஒரு தூண்டில் கழி, தரையில் பரப்ப நான்கைந்து கம்பிகள் போதும். மாலையில் ஐரோப்பா திறக்கும். வெளிநாட்டுத் தொடர்பு விரும்புகிறவர்களுக்கு இதுதான் இடம். ஆனால் எதிரே ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. ஆன்டெனாவோடு உட்கார்ந்திருப்பவரைக் காவலர் விசாரிப்பது நியாயம்தான். உரிமத்தின் நகலைக் கையில் வைத்திருங்கள், உள்ளூர்க் காவல் நிலையத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ராக்கெட் ஏவும் நாட்களில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கருவியைப் பொறுத்தவரை, மோர்ஸ் தெரிந்தவருக்கு 5 வாட் தாராளம். ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்து உலகம் முழுக்கப் பரவிய மைக்ரோபிட்எக்ஸ் சுமார் 10 வாட் தரும், யு.பி.எஸ். பேட்டரி ஒன்றே அதற்குப் போதும். குரலில் மட்டும் பேசுகிறவர், உரிமம் இடம் கொடுத்தால், 50 வாட் வரை வைத்துக்கொள்வது நல்லது. 100 வாட் செட் முழு வீச்சில் 20 ஆம்பியர் இழுக்கும், சிறிய ஈய பேட்டரி அதற்குத் தாக்குப்பிடிக்காது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வாங்குங்கள். விலை கூடுதல், சுமை பாதிகூட வராது.

முதல் பயணத்துக்கு என் தீர்ப்பு வேடந்தாங்கல். தொடர்பு கிடைப்பது அங்கே எளிது. கிளம்புமுன் உரிமத்தில் வெளியிடத்தில் இயக்குவது பற்றிய நிபந்தனையைப் படியுங்கள். கால்சைன், கழியின் உயரம், இயக்கும் நேரம் எல்லாம் குறிப்பிட்டு வனச்சரகருக்குக் கடிதம் கொடுங்கள். அவர் மறுத்தால் திரும்பிவிடுங்கள். ஒலிபெருக்கியை அணைத்து ஹெட்போனில் கேளுங்கள். மரத்தில், குறிப்பாக நீர்க்கடம்பில், எந்தக் கம்பியும் கட்ட வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கம்பியில் ஒரு நாரையின் சிறகு சிக்கினால் நம் 10 தொடர்புக்கும் மதிப்பில்லை.