பழைய காரில் பாட்டு கரகரக்கிறதா?

கற்பிட்டிக் குடாநாட்டின் கரையோரம் இருக்கும் மாம்புரியில் உப்புக்காற்று காரின் தகட்டோடு நிற்பதில்லை. ரேடியோவின் வயர் முனைகளையும் அரிக்கிறது. புது செட் வாங்குமுன் இவற்றைச் செய்து பாருங்கள்.

1. அன்டெனாவின் அடியைக் கழற்றிப் பாருங்கள். பச்சை படிந்திருந்தால் துடைத்து, நன்கு உலரவிட்டு இறுக்குங்கள். அந்தப் படிவு சிக்னலைத் தடுக்கும்.

2. ஜப்பானிலிருந்து வந்த பழைய காரா? அன்டெனா வயரில் பேண்ட் எக்ஸ்பாண்டர் என்ற சிறு பெட்டி இருக்கிறதா என்று தேடுங்கள். ஜப்பானின் பழைய எஃப்.எம். ரேடியோக்கள் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். இலங்கை நிலையங்களோ 108 வரை பரந்திருக்கின்றன. அலைவரிசையை 12 மெகாஹேர்ட்ஸ் இறக்கும் பெட்டி என்றால் 100இல் உள்ள நிலையம் 88இல் கேட்கும். அது பழுதல்ல. எல்லா நிலையங்களும் திடீரென மறைந்தால், இந்தப் பெட்டிக்கு மின்சாரம் வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

3. என்ஜின் வேகத்தோடு இரைச்சலும் ஏறினால் எர்த் வயரைச் சுத்தமான உலோகத்தில் இறுக்குங்கள். துருவின் மேல் இணைப்பு நிற்காது.

4. பியூஸ் போனால் அதே அம்பியர் அளவையே போடுங்கள். கூடியதைப் போட்டால் பியூஸ் தப்பும், வயர் எரியும்.

5. கசற்றுகளை டாஷ்போர்டில் விடாதீர்கள், வெயிலில் நெளியும்.

6. பற்றரியைக் கழற்றுமுன் ரேடியோவுக்கு இரகசிய எண் உண்டா என்று கையேட்டில் பாருங்கள். சில செட்டுகள் அது இல்லாமல் மீண்டும் பாடாது.

7. ஸ்பீக்கரின் ஓர நுரை கிழிந்தால் சத்தம் அதிரும். கூம்பும் கொயிலும் நன்றாக இருந்தால் ஸ்பீக்கரை எறியாதீர்கள். ஓரத்தை மட்டும் மாற்றலாம்.