வருகைப் பதிவேடு சொல்லாதது

சூளகிரி

அன்பு மருமகளுக்கு,

முதலாமாண்டு பி.ஏ. வகுப்பை உன்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்று உன் அம்மா போனில் சொன்னாள். பிள்ளைகளின் ஈடுபாடு பற்றித் துறைத்தலைவர் அறிக்கை கேட்கிறாராமே. 75 சதவீத வருகையைக் கூட்டிப் போட்டு அனுப்பிவிடாதே, கண்ணு. அது பரீட்சை எழுத அனுமதிப்பதற்கான கணக்கு. பையன் பெஞ்சில் இருந்தான் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது.

புதுமைப்பெண் திட்டம் 2022இலும் தமிழ்ப் புதல்வன் 2024இலும் வந்தன. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய். நல்ல காரியம். ஆனால் பட்டியலில் பெயர் நிற்பது வேறு, படிப்பில் மனசு நிற்பது வேறு.

அந்த ஈடுபாட்டை அறிய அமெரிக்காவில் 2000 முதல் முதலாமாண்டு மாணவர்களிடம் நடத்தும் ஒரு கணக்கெடுப்பில், வாரத்தில் எத்தனை மணி நேரம் படிப்புக்கு, சம்பள வேலைக்கு, போக்குவரத்துக்கு, வீட்டாரைக் கவனிக்க என்று தனித்தனியாகக் கேட்கிறார்கள். நம் ஊருக்கென்றே செய்த கேள்விகள் மாதிரி இருக்கும். பேரிகைப் பக்கமிருந்து ஓசூருக்கு வரும் பெண், விடியுமுன் கொத்தமல்லி அறுத்துக் கட்டிவிட்டுத்தான் பஸ் பிடிப்பாள். கடைசி பெஞ்சில் தூங்குபவன் சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்தவனாக இருக்கலாம். திட்டுவதற்கு முன் அந்த நாலு கேள்வியைக் கேள்.

வாய் திறக்காதவர்களை மக்கு என்றும் முடிவு கட்டாதே. வீட்டில் தெலுங்கு அல்லது கன்னடம், பள்ளியில் தமிழ், இப்போது உன் பாடப்புத்தகத்தில் இங்கிலீஷ். என் வகுப்பில் நான் வாரம் ஒருமுறை மணியடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது துண்டுச்சீட்டு கொடுத்து, "இன்றைக்கு எது புரியவில்லை, தெரிந்த மொழியில் எழுதுங்கள்" என்பேன். சிலர் தெலுங்கைத் தமிழ் எழுத்தில் எழுதித் தருவார்கள். எழுத்துப் பிழையைத் திருத்தாதே, மார்க்கும் போடாதே. போட்டால் அடுத்த வாரமே எல்லாருக்கும் எல்லாம் புரிந்துவிடும்!

"புரியவில்லை" என்று நீளமாக எழுதும் பிள்ளையைப் பற்றிக் கவலைப்படாதே. முன்பு நாலு வரி எழுதியவள் வெறும் சீட்டை நீட்டினால்தான் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். அதுவும் முதல் இன்டர்னல் டெஸ்டுக்கு முன்பே. பிறகு விசாரித்தால் அரியர் பயமும் சேர்ந்துகொள்ளும், வீட்டில் கல்யாணப் பேச்சும் எடுத்திருப்பார்கள்.

அறிக்கையில் சீட்டுகளைப் பற்றியே எழுது. அட்டவணை இல்லாமல் வாங்க மாட்டேன் என்று துறைத்தலைவர் சொன்னால் வருகைச் சதவீதத்தை ஓரமாகப் போட்டுக்கொள். சீட்டுகளைக் கடாசிவிடாமல் தீபாவளிக்கு வரும்போது எடுத்து வா. தெலுங்கில் இருப்பதற்கு அத்தை அர்த்தம் சொல்லித் தருவாள்.

அன்புடன்,
மாமா