நியூட்ரல் விழவில்லை, மலையும் ஏறவில்லை

கேள்வி: என்னிடம் இருப்பது பத்து வருடப் பழைய பல்சர் 150. சில மாதங்களாக கியர் போடும்போது ‘டொக்’கென்று அடிக்கிறது. ஐந்து ரோடு சிக்னலில் நின்றால் நியூட்ரல் விழுவதே இல்லை. பச்சை விழும்வரை கிளட்சைப் பிடித்துக்கொண்டே நிற்கிறேன். தெரிந்த மெக்கானிக் கேபிளை இறுக்கிக் கொடுத்தார், தேவலாம் போல இருந்தது. போன ஞாயிறு மனைவியுடன் ஏற்காடு கிளம்பினேன். கொண்டை ஊசி வளைவு திரும்பி முறுக்கினால் இன்ஜின் இரைகிறதே தவிர வண்டி இழுக்கவில்லை. கருகிய வாடை வேறு. ‘இன்ஜினை இறக்கி கியர் பாக்ஸ், கிளட்ச் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பார்த்துவிடலாம்’ என்கிறார் மெக்கானிக். இறக்கலாமா? தம்பியின் காருக்கு வாங்கியதில் மிச்சம் இருந்த ஆயிலைத்தான் கடைசியாக என் வண்டிக்கு ஊற்றினோம். அதனால் ஏதும் ஆகியிருக்குமா?

- வாசகர், ஃபேர்லேண்ட்ஸ், சேலம்

பதில்: இன்ஜினை இறக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் கியர் பாக்ஸ் கெட்டதற்கான அறிகுறி ஒன்றுகூட இல்லை. கிளட்ச் கெட்டதற்கான அறிகுறிகள் நிறைய இருக்கின்றன, அதுவும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை.

சிக்னலில் நியூட்ரல் விழாதது, கியர் அடித்துக்கொண்டு விழுவது இரண்டும் கிளட்ச் முழுதாகப் பிரியாததால் வருபவை. லிவரைப் பிடித்ததும் உள்ளே இருக்கும் பிளேட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலக வேண்டும். விலகும் இடைவெளி மயிரிழைதான். கேபிள் தொய்ந்திருந்தால் லிவரின் பாதி இழுப்பு அந்தத் தொய்வை எடுப்பதிலேயே போய்விடும். பிளேட்டுகள் உரசிக்கொண்டே இருக்கும், கியர் பாக்ஸும் சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றுகிற பல்லில் நியூட்ரல் எப்படி விழும்?

மலையில் நடந்தது இதற்கு நேர்மாறு. இன்ஜின் இரைந்தும் வண்டி இழுக்கவில்லை என்றால் பிளேட்டுகள் ஒன்றையொன்று இறுகப் பிடிக்காமல் வழுக்குகின்றன. கருகல் வாடை அங்கிருந்துதான் வந்திருக்கும்.

பிரியவும் மாட்டேன், பிடிக்கவும் மாட்டேன் என்று ஒரே கிளட்ச் எப்படி அடம்பிடிக்கும்? நடுவில் ஒன்று நடந்திருக்கிறது, கேபிளை இறுக்கினார்கள். தொய்வு போனதால் சிக்னல் தொல்லை குறைந்தது. அளவுக்கு மேல் இறுக்கியிருந்தால் நீங்கள் லிவரைத் தொடாதபோதும் கேபிள் கொஞ்சம் இழுத்தபடியே இருக்கும். அதாவது நாள் முழுக்க லேசான ஹாஃப் கிளட்சில் ஓட்டியிருக்கிறீர்கள். ஊருக்குள் அது தெரியாது. இரண்டு பேரைச் சுமந்து மலை ஏறும்போதுதான் காட்டிக்கொடுக்கும்.

இதோடு கார் ஆயிலும் சேர்ந்துகொண்டது. நீங்கள் கடைசியில் போகிற போக்கில் கேட்ட விஷயம்தான் இங்கே பாதி வழக்கு. காரின் கிளட்ச் உலர்ந்தது, இன்ஜின் ஆயில் அதன் பக்கமே போகாது. பல்சர், ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளில் கிளட்ச் பிளேட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே மூழ்கிக் கிடக்கின்றன. மைலேஜ் கூடட்டும் என்று பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சரக்கைச் சேர்க்கிறார்கள். காருக்கு அது நல்லது. உராய்வை நம்பியே வேலை செய்யும் உங்கள் கிளட்சுக்கு அது ஆகாது. பைக் ஆயில் டப்பாவின் பின்பக்கம் ‘ஜாசோ எம்ஏ’ அல்லது ‘எம்ஏ2’ என்று போட்டிருக்கும். ஜப்பான்காரர்கள் இப்படி ஆயிலில் நனைகிற கிளட்சுக்காகவே வகுத்த தரம் அது. ‘எம்பி’ என்று இருந்தால் கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு உரியது, வாங்காதீர்கள். எந்த கிரேடு, எத்தனை மில்லி என்பதை வண்டியோடு வந்த கையேட்டைப் பார்த்து ஊற்றுங்கள். கடைக்காரரின் ஞாபகத்தை நம்ப வேண்டாம்.

கியர் பாக்ஸ் மீது இன்னும் சந்தேகம் இருந்தால் வீட்டு வாசலிலேயே தீர்த்துக்கொள்ளலாம். இன்ஜினை அணைத்து, சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஒருவர் பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றட்டும். நீங்கள் கியர் லிவரைக் கையால் அழுத்தி ஒன்றிலிருந்து ஐந்துவரை போட்டு, திரும்ப இறக்குங்கள். சக்கரத்தைச் சுற்றாமல் போட்டுப் பார்த்தால் நல்ல வண்டியிலும் சில கியர் விழாது, அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். சுற்றும்போது எல்லாம் வழுவழுவென்று விழுந்தால் பல் சக்கரங்களுக்குக் குறையில்லை. கால் வைக்கும் கியர் லிவரையும் அப்படியே ஆட்டிப் பாருங்கள். தண்டில் பிடிக்கும் பல் தேய்ந்தோ போல்ட் தளர்ந்தோ இருந்தால் பாதி மிதி வீணாகும். பலர் அதையும் கியர் பாக்ஸ் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள். செயின் அதிகம் தொங்கினாலும் அந்த ‘டொக்’ சத்தம் கூடும். காலையில் முதல் கியர் போடும்போது மட்டும் வரும் சத்தத்துக்குக் கவலைப்பட வேண்டாம். இரவெல்லாம் ஆறிய ஆயிலில் பிளேட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

அடுத்து கேபிள். பத்து வருடத்தில் அதை மாற்றவே இல்லை என்றால் சோதித்துக்கொண்டிருக்காமல் புதிது போட்டுவிடுங்கள். துருவேறிய கேபிள் போகும்போதும் சிக்கும், திரும்பும்போதும் சிக்கும். நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறையும் அது ஒன்றே தரக்கூடும். மாட்டியபின் லிவர் நுனியில் கொஞ்சம் வெற்றாட்டம் இருக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் அது 10 முதல் 20 மில்லிமீட்டர். உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் இருக்கும். பிறகு ஹேண்டில் பாரை இடமும் வலமும் கடைசிவரை ஒடித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் ஒடித்தாலும் அந்த வெற்றாட்டம் மாறக்கூடாது. மாறினால் கேபிள் போகும் வழி தப்பு. கொண்டை ஊசி வளைவுகளில் அது கிளட்சைத் தானாக இழுத்துவிடும்.

சரியான ஆயில், புதுக் கேபிள் இரண்டோடும் ஊருக்குள் சில நாள் ஓட்டுங்கள். பிறகு காலியான சமதளச் சாலையில், நான்காவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சட்டென்று முழுதாக முறுக்குங்கள். சத்தமும் வேகமும் சேர்ந்தே ஏறினால் தப்பித்தீர்கள். சத்தம் மட்டும் முன்னே ஓடினால் பிளேட்டுகள் கருகிவிட்டன. வாடை வந்தது என்று எழுதியிருப்பதால் அதற்கே வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு.

அப்போதும் இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. ஆயிலை வடித்து, வலப்பக்க மூடியைக் கழற்றினால் கிளட்ச் கைக்கு எட்டும். பிளேட்டோடு ஸ்பிரிங்கையும் மாற்றச் சொல்லுங்கள். புதுப் பிளேட்டுகளை ஆயிலில் ஊறவைத்த பிறகே மாட்ட வேண்டும். அவசரத்தில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். இடையில் வரும் இரும்புத் தட்டுகளைக் கண்ணாடி மேல் வைத்து, வளைந்திருக்கிறதா என்று பார்க்கட்டும். பிளேட்டின் காதுகள் உட்காரும் ஹவுசிங்கில் பள்ளம் விழுந்திருந்தால் புதுப் பிளேட் போட்டும் பழைய கதைதான். மூடியைத் திறந்திருக்கும்போதே அதையும் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓட்டும் விதத்தையும் சொல்லியாக வேண்டும். அடிவாரத்திலிருந்து ஏற்காடுவரை 20 கொண்டை ஊசி வளைவுகள். நாமக்கல் பக்கம் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70. இரண்டாவது கியரிலேயே கிளட்சைப் பிடித்துப் பிடித்து ஒவ்வொரு வளைவையும் தாண்டும் பழக்கம் புதுப் பிளேட்டையும் தின்றுவிடும். வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு இறங்கி, கிளட்சை முழுதாக விட்டு ஏறுங்கள். இறங்கும்போது கிளட்சைப் பிடித்தோ நியூட்ரலிலோ உருள விடாதீர்கள். இன்ஜினின் பிடிப்பு போனால் முழுச் சுமையும் பிரேக்குக்குத்தான். ஊருக்குள் சும்மா ஓட்டும்போதும் கிளட்ச் லிவர் மேல் இரண்டு விரலைப் போட்டுக்கொண்டு போவதை நிறுத்துங்கள்.

மெக்கானிக்கை மாற்ற வேண்டியதில்லை, வேலையின் வரிசையை மாற்றினால் போதும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே போட்டும் கியர் சிக்கினால் மட்டும் இன்ஜினை இறக்கச் சம்மதியுங்கள்.